ஸ்டிக்கா, பாக்ஸா: டிவிக்கு எது வாங்கலாம்?

சாதா டிவியில் ஓடிடி பார்க்கக் குறைந்த செலவில் இரண்டு வழிகள்: எச்டிஎம்ஐ போர்ட்டில் நேராகச் செருகும் ஸ்டிக், கேபிள் போட்டுப் பக்கத்தில் வைக்கும் சின்ன பாக்ஸ்.

மின்சாரம்: ஸ்டிக்கை டிவியின் யுஎஸ்பி போர்ட்டிலேயே ஓட்டப் பலரும் பார்ப்பார்கள். யுஎஸ்பி 2.0 போர்ட் தருவது 0.5 ஆம்பியர்தான், ஸ்டிக்குகளுக்குப் பெரும்பாலும் 1 ஆம்பியர் அடாப்டர் வேண்டும். படம் பாதியில் நின்று, லோகோ வந்து, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கிறதா? ஸ்டிக்கைத் திட்டாதீர்கள், கூட வந்த அடாப்டரை மாட்டுங்கள். பாக்ஸுக்குத் தனி அடாப்டர்தான். இந்த வம்பே இல்லை.

வைஃபை: ஸ்டிக் டிவியின் முதுகில் ஒளிந்துகொள்வதால் சிக்னல் குறையும், சூடும் ஏறும். கூட வரும் குட்டி எச்டிஎம்ஐ நீட்டிப்பு கேபிளைத் தூக்கிப் போடாமல் அதில் மாட்டினால் இரண்டும் சரியாகும். பாக்ஸ்கள் பலவற்றில் ரவுட்டரிலிருந்து நேராகக் கேபிள் போட லேன் போர்ட் உண்டு. 100 எம்பிபிஎஸ் போர்ட்டாக இருந்தாலும் 4கே ஸ்ட்ரீமிங்குக்குத் தாராளம்.

சேமிப்பு: மலிவு மாடல்கள் இரண்டிலுமே 8 ஜிபி சகஜம். சிஸ்டமே அதில் பாதியை விழுங்கிவிடும்.

சான்றிதழ்: ஏமாறுவது இங்கேதான். பெயர் தெரியாத ஆண்ட்ராய்டு பாக்ஸ்களில் பெரும்பாலும் வைட்வைன் எல்1 (ஓடிடி படங்களை எச்டி, 4கே தெளிவில் காட்டத் தேவையான பாதுகாப்புச் சான்றிதழ்) இருக்காது. அட்டையில் 8கே என்று அச்சடித்திருந்தாலும் நெட்ஃபிளிக்ஸ் 480பி-யைத் தாண்டாது.

ரவுட்டர் அதே அறையில், பயணத்துக்கும் எடுத்துப்போக வேண்டும்: ஸ்டிக்.
ரவுட்டர் இரண்டு சுவர் தள்ளி, பென்டிரைவிலும் படம் பார்ப்பீர்கள்: சான்றிதழ் உள்ள பாக்ஸ்.
டிவியே 1080பி என்றால், 4கே மாடலுக்குக் கூடுதல் காசு வேண்டாம்.