பன்னிரண்டு ஸ்க்ரூ: என் லேப்டாப்புக்கு ஏழாவது வருஷம்

கோரிமேட்டிலிருந்து மச்சான் போன வாரம் கூப்பிட்டான். "உன் லேப்டாப்போட புது மாடலுக்கு எட்டாயிரம் குறைச்சிருக்காங்களாம். பொண்ணுக்குக் காலேஜுக்கு வாங்கட்டுமா?" அவன் கேட்ட நேரத்தில் என் லேப்டாப் மேஜைமேல் மல்லாக்கக் கிடந்தது. அடிமூடி ஒரு பக்கம், ஸ்க்ரூ எல்லாம் ஒரு கிண்ணத்தில். ரெண்டு நாள் கழித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன். அவனுக்குச் சொல்லவேண்டியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

2019 ஜூனில் சேலம் ஐந்து ரோடு பக்கம் வாங்கியது. எட்டு ஜிபி ராம், ஒரு டிபி ஹார்ட் டிஸ்க். ஏற்காட்டில் நாலு சின்னக் காபித் தோட்டங்களுக்குக் கணக்கு எழுதுகிறேன். வாரத்தில் மூணு நாள் அஸ்தம்பட்டியிலிருந்து பைக்கில் மேலே போவேன், முதுகுப் பையில் இது. நாகலூர்ப் பக்கம் மழைக்காலத்தில் பனிமூட்டம் ஜன்னல் வழியாக உள்ளே வந்து பேரேட்டுத் தாளெல்லாம் நமத்துப் போகும். அதிலும் இதன் கீபோர்டில் ஒரு பட்டன்கூட ஒட்டியதில்லை. வலது பக்கம் முழு நம்பர் பேட். திரையைப் பார்க்காமலே எடைக் கணக்கு அடிக்க விரல் பழகிவிட்டது. கீல் இன்றைக்கும் ஆடவில்லை.

போன ஜனவரி, பழம் பறிப்பு மும்முரத்தில், விண்டோஸ் படுத்து நீலத்திரை வர ஆரம்பித்தது. தினம் ஒன்று, அப்புறம் மணிக்கு ஒன்று. கடைக்குக் கொண்டுபோனேன். ராம் மாற்றினார்கள், ரெண்டு நாள் ஓடியது. திரும்பப் போனதும் என்னைக் கேட்காமலே சி டிரைவை ஃபார்மேட் போட்டுப் புது விண்டோஸ் ஏற்றித் தந்தார்கள். டெஸ்க்டாப்பில் வைத்திருந்த காபிப்பூ படங்கள் அத்தோடு போயின. நாலாம் நாள் மறுபடி நீலத்திரை. "பேட்டரி மாத்திடலாமுங்க சார், லாக்ல கெர்னல் பவர் 41னு காட்டுது" என்றார் கடைக்காரர். எனக்குக் கோபம் வந்தது அங்கேதான். 41 என்றால் மிஷின் ஒழுங்காக ஷட் டவுன் ஆகாமல் நின்றது என்று மட்டும்தான் அர்த்தம். ஏன் நின்றது என்று அது சொல்லாது. வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன்.

நீலத்திரையின் அடியில் ஒவ்வொரு தடவையும் ஒரே வரி: கெர்னல் டேட்டா இன்பேஜ் எரர். டிஸ்க்கிலிருந்து எடுக்கவேண்டிய ஒரு துண்டை விண்டோஸால் எடுக்க முடியவில்லை என்பது அதன் பொருள். ராம் கெட்டாலும் இது வரும். ஆனால் ராம்தான் புதுசாயிற்றே. விண்டோஸ் லாக்கைக் காட்டும் ஈவென்ட் வியூவரில் 41க்கு மேலே கொஞ்சம் தள்ளிப் பார்த்தால் 'டிஸ்க்' என்ற பெயரில் 7ஆம் எண் வரிசையாக நின்றது. அந்த எண் டிஸ்க்கில் மோசமான பிளாக் இருக்கிறது என்பதற்கு. டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ போட்டேன். மஞ்சள், அதாவது எச்சரிக்கை. சி7, அதாவது கேபிள் வழியில் வரும் தவறுகளின் எண்ணிக்கை, பூஜ்யம். ஆகக் கேபிள் கோளாறு இல்லை. சி5, அதாவது படிக்க முடியாமல் நிலுவையில் நிற்கும் செக்டர்களின் (டிஸ்க்கின் சின்னத் துண்டுகளின்) எண்ணிக்கை, 158 என்று காட்டியது. அந்த மென்பொருள் பதினாறு அடிமானத்தில் எண்ணைக் காட்டும். நம் கணக்கில் அது 344.

இதைப் போனில் சொன்னதும் கடைக்காரர், ராத்திரி முழுக்க விண்டோஸின் டிஸ்க் சோதனையான செக் டிஸ்க்கை ஓடவிடச் சொன்னார். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். சாகக் கிடக்கும் டிஸ்க்கில் ஒவ்வொரு செக்டராகப் படிக்கவைத்து, ஃபைல் அமைப்பிலும் எழுதவைக்கும் வேலை அது. முதலில் காப்பி, அப்புறம்தான் வைத்தியம்.

காப்பி எடுக்க, டிஸ்க்கைக் கழற்றி வீட்டு டெஸ்க்டாப்பில் மாட்டவேண்டும். இந்த மாடல்மேல் எனக்கு இருக்கும் தீராத எரிச்சல் இங்கேதான் ஆரம்பிக்கிறது. அடிமூடியில் கண்ணுக்குத் தெரிவது பத்து ஸ்க்ரூ. பத்தையும் கழற்றினாலும் மூடி அசையாது. மீதி ரெண்டு பின்பக்க ரப்பர் பட்டைக்கு அடியில் ஒளிந்திருக்கின்றன. பட்டையை ஒரு தடவை உரித்தால் அப்புறம் அது ஒட்டவே ஒட்டாது. 2021இல் ஃபேன் தூசி துடைக்கத் திறந்ததிலிருந்து என் பட்டை பசையில்தான் நிற்கிறது. பன்னிரண்டில் மூணு குட்டை, ஒன்பது நீளம், எது எந்த ஓட்டைக்கு என்று எங்கேயும் போடவில்லை. நீளத்தைக் குட்டை ஓட்டையில் முறுக்கினால் மேலே கை வைக்கும் இடம் புடைத்துக்கொள்ளும். ஸ்க்ரூ எல்லாம் வந்தபிறகு சுற்றிலும் கிளிப். காலாவதியான ஏடிஎம் கார்டைச் செருகி நகர்த்தினால் டக் டக்கென்று விடும்; அதில் ஒரு டக் கிளிப் உடைந்த சத்தம். உள்ளே போனால் டிஸ்க்கைக் கழற்ற அஞ்சே நிமிஷம். மூடிக்கு முக்கால் மணி நேரம்.

டெஸ்க்டாப்பை லினக்ஸ் மின்ட் பென் டிரைவில் எழுப்பினேன். விண்டோஸாக இருந்தால் இந்த டிஸ்க்கைப் பார்த்ததும் தானாகவே ஏதாவது சரிசெய்யப் போகும். கெட்ட டிஸ்க்கிலிருந்து காப்பி எடுக்கும் டிடிரெஸ்க்யூவில் முழு டிஸ்க்கையும் ரெண்டு டிபி எக்ஸ்டர்னல் டிஸ்க் ஒன்றுக்கு இமேஜாக, அதாவது அப்படியே ஒரே ஃபைலாக எடுத்தேன். அது நல்ல பகுதியை முதலில் அள்ளிக்கொண்டு, தகராறு செய்யும் இடத்தைத் தாண்டிப்போய், கடைசியில்தான் திரும்பி வந்து சுரண்டும். எதுவரை படித்தது என்று ஒரு மேப் ஃபைலில் குறித்துக்கொண்டே போகும். ராத்திரி கரண்ட் போனது. மேப் ஃபைல் எக்ஸ்டர்னலில் இருந்ததால் காலையில் விட்ட இடத்திலிருந்தே தொடர்ந்தது. மொத்தம் 22 மணி நேரம். படிக்கவே முடியாமல் போனது 11 எம்பி.

டி டிரைவில் 'எடை' ஃபோல்டரைத் திறக்கும்போது கை நடுங்கியது. டிசம்பரிலிருந்து யார் எத்தனை கிலோ பறித்தார்கள் என்ற கணக்கு அதில்தான். பறிப்புக் கூலி கிலோவுக்கு. மூணு தோட்டம் முழுசாக வந்தது. நாலாவதில் ஒரு வாரத்து ஷீட் மட்டும் திறக்கவில்லை. மேஸ்திரியைக் கூப்பிட்டேன். "நோட்டு இருக்குதுங்கண்ணா. ரெண்டு பக்கம் நனைஞ்சு ஒட்டிக்கிச்சு, பிரிச்சுப் படிச்சுச் சொல்றேன்" என்றார். போனிலேயே படிக்கப் படிக்க அடித்தேன். ஒருத்தர் கூலியும் குறையவில்லை. காபிப்பூ படங்களை, அழிந்த ஃபைல்களை மீட்கும் ஃபோட்டோரெக்கில் தேடினேன். புது விண்டோஸ் எழுதிய இடம் போக மிச்சம் கிடைத்தது, பெயர் இல்லாமல் வெறும் எண்களாக.

டிஸ்க் ஏன் போனது என்பதற்கு என் பக்கத்திலும் ஒரு காரணம் உண்டு. மூடினாலும் தூங்காதபடி செட்டிங்கை மாற்றி வைத்திருந்தேன், தோட்ட ஆபீஸில் பேக்அப் ஓடட்டும் என்று. பலநாள் அப்படியே பையில் போட்டு 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கியிருக்கிறேன். உள்ளே தட்டு நிமிஷத்துக்கு 5400 சுற்று சுற்ற, தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாத இடைவெளியில் அதைப் படிக்கும் ஹெட் மிதந்துகொண்டிருக்கும். குழியில் பைக் இறங்கினால் என்ன ஆகும்! பழைய டிஸ்க்குக்குப் பதில் இப்போது போட்டிருக்கும், சுற்றும் தட்டே இல்லாத எஸ்எஸ்டியில் இந்தப் பயம் இல்லை. ஆனால் அதில் ஃபார்மேட் போட்டால், அழித்த இடத்தைத் துடைக்கவைக்கும் டிரிம் வேலை செய்துவிடுவதால், எனக்கு மீண்ட படங்கள்போல எதுவும் மீளாது.

மச்சான், புது மாடலை வாங்காதே. கடையில் திருப்பிப் பார்த்தேன், அதே ரப்பர் பட்டை. ராமையும் போர்டிலேயே ஒட்டிவிட்டார்கள். ஏழு வருஷம் கழித்தும் மூடியைச் சரிசெய்யாதவர்களுக்கு எட்டாயிரம் தள்ளுபடிக்காகக் காசு கொடுக்க எனக்கு மனசில்லை. எதை வாங்கினாலும் முதல் நாளே என்க்ரிப்ஷன், அதாவது டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதி, போட்டிருக்கிறதா என்று பார்த்து, அந்த 48 இலக்க ரெக்கவரி கீயைத் தாளில் எழுதிப் பீரோவில் வை. அது இல்லாமல் டிஸ்க்கைக் கழற்றி மாட்டினாலும் ஒன்றும் திறக்காது.

பழசைத் தருகிறாயா என்று கேட்டிருந்தாய். எஸ்எஸ்டி போட்டபின் பன்னிரண்டு நொடியில் எழுந்துகொள்கிறது. பறிப்பு முடிந்து மிளகு தொடங்கிவிட்டது; நாளைக்கு வாழவந்திக்கு எடுத்துக்கொண்டு போகிறேன். தரமாட்டேன்.