மக்ரோன் சுட்டு மூன்று வருடம்: நூறு பக்க நோட்டில் 81 பக்கம்

சமையலறை அலமாரியில் ஒரு நூறு பக்க நோட்டு வைத்திருக்கிறேன். பாதாம் மாவிலும் முட்டை வெள்ளையிலும் சின்ன வட்டங்களாகச் சுட்டு, இரண்டிரண்டாக நடுவே கிரீம் வைத்து ஒட்டுகிற பிரெஞ்சு இனிப்புதான் மக்ரோன். அதை முதல்முறை சுட்ட அன்று ஆரம்பித்த நோட்டு. ஒவ்வொரு முறைக்கும் ஒரு பக்கம்: தேதி, வெயிலா மழையா, எத்தனை டிகிரி, எத்தனை நிமிடம், கடைசியில் என்ன ஆச்சு. போன ஞாயிறோடு 81 பக்கம் நிரம்பிவிட்டது. முதல் வருடப் பக்கங்களில் அடிக்கடி வருகிற சொல் ‘வெடிப்பு’. இரண்டாம் வருடம் முழுக்க ‘காலி’. மூன்றாம் வருடத்தில்தான் ‘சரி’ என்று எழுத ஆரம்பித்தேன். அதிலும் பாதிக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி இருக்கும்.

முதலில் அளவைச் சொல்லிவிடுகிறேன். முட்டை வெள்ளை 100 கிராம் (நடுத்தர முட்டை மூன்று), சன்ன மணியான சர்க்கரை 100, பாதாம் மாவு 125, ஐசிங் சுகர் (மாவாக அரைத்த சர்க்கரை) 125. ஒரு துளி வினிகரால் துடைத்த பாத்திரம். இவ்வளவுதான் சாமான். ஐம்பது ஓடு வரும் (சுட்ட ஒவ்வொரு வட்டத்தையும் ஓடு என்பேன்), ஜோடி சேர்த்தால் இருபத்தைந்து. கப், ஸ்பூன் கணக்கெல்லாம் இதற்கு உதவாது, ஒரு கிராம் வரை காட்டும் எலெக்ட்ரானிக் தராசு வேண்டும். பாதாமை வீட்டில் அரைப்பதாக இருந்தால் ஐசிங் சுகரோடு சேர்த்து, விட்டு விட்டு ஓட்டுங்கள். பாதாமை மட்டும் போட்டு நான் ஒரே மூச்சாக ஓட்டியதில் எண்ணெய் விட்டு விழுதாகிவிட்டது. 4-ம் பக்கத்தில் அந்த எண்ணெய்க் கறை இன்னும் இருக்கிறது.

இனி வெடிப்புக்கு வருவோம். எதற்கெல்லாம் பழி போட்டேன் தெரியுமா? முட்டை புதுசாக இருப்பதுதான் தப்பு என்றார்கள். வெள்ளையைப் பிரித்து இரண்டு நாள் ஃபிரிட்ஜில் வைத்தேன். வெடித்தது. பாதாம் மாவை மாற்றினேன். வெடித்தது. மாவில் ஈரம் என்றார்கள், ஓவனில் உலர்த்தி, ஆறவைத்து, மூன்று தடவை சலித்தேன். அப்போதும் வெடித்தது. பிரான்சில் நான்சி என்ற ஊரின் மக்ரோன் இன்றைக்கும் நடுவில் எதுவும் வைக்காமல், மேலே வெடித்தபடிதான் இருக்கும். இரண்டு ஓடுகளை ஒட்டி நடுவே கிரீம் வைக்கிற பாரிஸ் வகை பிற்பாடு வந்தது. எங்கோ இதைப் படித்த பிறகு, வீட்டில் யாராவது கேட்டால் “இது நான்சி மக்ரோன்” என்று சமாளித்தேன். நாலைந்து வாரம்தான் செல்லுபடியானது.

23-ம் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு வரி இருக்கிறது: “ஓவன் பொய் சொல்கிறது.” உள்ளே தொங்கவிடுகிற சின்ன வட்டத் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிய நாள் அது. திருகியில் 150 வைத்திருந்தேன், உள்ளே முள் 172-ல் நின்றது. சூடாகிவிட்டது என்று விளக்கு அணைந்தது எட்டாவது நிமிடம். ஆனால் முள் ஏறி இறங்கி ஒரு நிலைக்கு வர இருபத்தைந்து நிமிடம் பிடித்தது. அதுவரை நான் கொதிக்கிற ஓவனில் தட்டை வைத்துவிட்டு, முட்டையைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். அன்றைக்கே திருகியை 130-க்குக் குறைத்து, அரை மணி நேரம் முன்கூட்டியே சூடாக்கி, ஒரே ஒரு தட்டை வைத்தேன். பன்னிரண்டு ஓட்டில் ஒன்றுகூட வெடிக்கவில்லை. தரையில் உட்கார்ந்து கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஏன் வெடிக்கிறது என்பதும் அப்போதுதான் விளங்கியது. தட்டில் பிழிந்த மாவைக் கொஞ்ச நேரம் வெளியே விட்டால் மேலே மெல்லிய தோல் கட்டும். விரலால் தொட்டால் ஒட்டக்கூடாது. ஓவனுக்குள் போனதும் உள்ளே உண்டாகிற ஆவி அந்தத் தோலைத் தாண்ட முடியாமல் அடிப்பக்கமாக வெளியேறும், ஓடு அப்படியே மேலே எழும்பும். அடியில் கொசுவம் வைத்தாற்போல ஒரு விளிம்பு வருகிறதே, கால் என்று சொல்வார்கள், அது இப்படித்தான் பிறக்கிறது. தோல் சரியாகக் கட்டாவிட்டாலோ, சூடு அளவுக்கு மீறினாலோ ஆவி உச்சியைப் பிளந்துகொண்டு வந்துவிடும். காற்று உலர்ந்த நாளில் அரை மணி போதும், மழை நாளில் ஒன்றரை மணி நேரம் ஆனாலும் பிசுபிசுப்புப் போகாது. அந்த நாட்களில் நான் இப்போது மக்ரோன் பக்கமே போவதில்லை. நோட்டில் ‘மழை’ என்று தொடங்குகிற பக்கங்களில் ‘சரி’ மொத்தம் இரண்டே இடத்தில்தான் இருக்கிறது.

வெடிப்பு நின்ற சந்தோஷத்தில் சூட்டை இன்னும் குறைத்தேன். அங்கே அடுத்த வம்பு. வெளியே பார்க்க அச்சில் வார்த்தது போல இருக்கும், கடித்தால் உள்ளே வெறும் குகை. அக்கா மகள் ஒன்றைக் கடித்துவிட்டு, “உள்ள யாரோ ஏற்கனவே சாப்ட்டுட்டாங்க சித்தி” என்றாள். ஏழு வயசு. அதைவிடத் துல்லியமாக யாரும் சொல்லிவிட முடியாது.

காலி ஓட்டுக்கு ஒரே காரணம் கிடையாது, அதனால்தான் ஒரு வருடம் தின்றது. என் விஷயத்தில் மூன்று இருந்தன. மெரிங்கை, அதாவது சர்க்கரை சேர்த்து நுரைக்க அடித்த முட்டை வெள்ளையை, அளவுக்கு மேல் அடித்துக் கட்டிக் கட்டியாக்கியது ஒன்று. வேகும் முன்பே வெளியே எடுத்தது இன்னொன்று. அப்போது எழும்பிய உள்பக்கம் தாங்க முடியாமல் அமர்ந்துவிடும், மேல்தோல் மட்டும் கூடாரமாக நிற்கும். மூன்றாவது, நான் ரொம்பப் பெருமைப்பட்ட அந்தக் குறைந்த சூடு. இப்போது நிஜச் சூடு 148 முதல் 150-க்குள், 17 நிமிடம். உச்சியில் விரல் வைத்து மெல்ல அசைத்துப் பார்ப்பேன். காலின் மேல் ஓடு ஆடினால் இன்னும் ஒரு நிமிடம் விடுவேன். ஆடாமல் நின்றால் எடுத்து, முழுக்க ஆறும்வரை பேப்பரை விட்டுப் பிரிக்க மாட்டேன். ஓவனுக்குள் இருக்கிற ஃபேனை அணைத்துவிடுவேன், ஓடவிட்டால் கால் எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்கிறது.

மெரிங்கில் மூன்று முறை உண்டு, மூன்றையும் பார்த்துவிட்டேன். சர்க்கரையை அப்படியே போட்டு அடிக்கிற பிரெஞ்சு முறைதான் எல்லாவற்றிலும் சுலபம், நாளுக்கொரு குணம் காட்டுவதும் அதுதான். 118 டிகிரிப் பாகை ஊற்றி அடிக்கிற இத்தாலிய முறை அசையாது, ஆனால் துணைக்கு ஆள் இல்லாத சமையலறையில் ஒரு கையில் கொதிக்கிற பாகும் மறு கையில் பீட்டருமாக நிற்க எனக்குத் தெம்பில்லை. வெள்ளையையும் சர்க்கரையையும் ஆவியின் மேல் வைத்துக் கிளறி, விரல்களுக்கு நடுவே தேய்த்தால் நறநறப்பு இல்லை என்றானதும் இறக்கி அடிக்கிற சுவிஸ் முறையில்தான் இரண்டு வருடமாக இருக்கிறேன்.

பாதாம் கலவையை மெரிங்கில் மடித்துக் கலக்கிற கட்டத்துக்கு மக்ரோனாஜ் என்று பெயர். எத்தனை தடவை மடிக்கணும் என்று எண்ணிக்கை கேட்பவர்களுக்கு என்னிடம் பதில் கிடையாது. ஸ்பேச்சுலாவைத் தூக்கினால் மாவு நாடா போல விழவேண்டும், அந்த நாடாவால் 8 போட்டால் நடுவில் அறக்கூடாது, விழுந்த கோடு பத்திருபது விநாடியில் மற்ற மாவோடு கரையவேண்டும். கரையவே இல்லை என்றால் ஓட்டின் தலையில் குடுமி நிற்கும். தண்ணீராக ஓடினால் கால் வராது, தட்டையான பிஸ்கட் வரும். நான் சரியான பதத்துக்கு நாலைந்து மடிப்பு முன்னாலேயே நிறுத்திவிடுவேன். பைப்பிங் பேக்கில் நிரப்பிப் பிழிகிறபோதே மாவு இன்னும் கொஞ்சம் இளகும்.

இத்தனை நாள் ஓட்டுக்காகவே ஓடிக்கொண்டிருந்தவள், உள்ளே வைப்பதைப் பற்றி யோசிக்கவே இல்லை. இதுதான் இந்த மூன்று வருடத்தில் எனக்கு இருக்கிற ஒரே நிஜ வருத்தம். முதல் வருடம் பாட்டிலில் வருகிற சாக்லேட் ஸ்பிரெட்டைத் தடவிக் கொடுத்தேன். ஓட்டின் எடையில் பாதிக்கு மேல் சர்க்கரைதான். அதன் மேல் இன்னொரு சர்க்கரை. எல்லாரும் “அழகா இருக்கு” என்றார்கள், இரண்டாவதை யாரும் எடுக்கவில்லை. அந்த மௌனத்தைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு வருடம் ஆனது.

உள்ளே போவது புளிக்கவேண்டும், அல்லது கசக்கவேண்டும், இல்லாவிட்டால் உப்பாவது கொஞ்சம் தூக்கலாக இருக்கவேண்டும். கறுப்புச் சாக்லேட்டும் கிரீமும் சம எடையில் சேர்த்த கனாஷ் ஒருநாளும் கைவிட்டதில்லை. வெள்ளைச் சாக்லேட் என்றால் கிரீமைப் போல இரண்டு மடங்கு எடுத்தால்தான் இறுகும், அதுவும் காபியோ எலுமிச்சைத் தோலோ சேர்க்காவிட்டால் திகட்டும். ஒவ்வொரு முறையும் மூன்று மஞ்சள் கரு மிஞ்சுகிறது. 81 முறைக்கு 243! பாதி லெமன் கர்டாக (மஞ்சள் கருவும் எலுமிச்சைச் சாறும் சர்க்கரையும் சேர்த்துக் காய்ச்சிய கெட்டியான கிரீம்) மாறி மக்ரோனுக்குள்ளேயே திரும்பிப் போயிருக்கும். கர்ட், ஜாம் போன்ற ஈரப்பண்டங்களை ஓட்டின் மேல் நேராக வைக்காதீர்கள், மறுநாள் ஓடு நனைந்து கூழாகிவிடும். ஓரத்தில் பட்டர்கிரீமால் ஒரு வளையம் பிழிந்து, நடுக்குழியில் ஒரு பொட்டு அளவு வைத்தால் போதும்.

ஒட்டிய கையோடு சாப்பிடவும் வேண்டாம். மூடிய டப்பாவில் ஃபிரிட்ஜில் ஒரு நாள் முழுக்க இருக்கட்டும். உள்ளிருக்கும் ஈரம் ஓட்டுக்கு ஏறி, மேலே மெல்லிய நொறுக்கும் அதன் கீழே மெத்தென்ற பாதாமுமாக மாறும். அன்றன்றைக்குச் சாப்பிட்டால் அது வெறும் இனிப்பு பிஸ்கட். சின்னக் குகைகள்கூட இந்த ஒரு நாளில் ஓரளவு நிரம்பிவிடுகின்றன. இதை முன்பே தெரிந்து வைத்திருந்தால் இரண்டாம் வருடப் புலம்பலில் பாதி மிச்சமாகியிருக்கும். சாப்பிட அரை மணி முன் வெளியே எடுத்து வைக்கவேண்டும். ஃப்ரீசரில் ஒரு மாதம் நன்றாகவே இருக்கிறது. எடுக்கும்போது டப்பாவைத் திறக்காமல் முதலில் ஃபிரிட்ஜுக்கு மாற்றுங்கள், நேராகத் திறந்தால் ஓட்டின் மேல் வியர்த்துக் கறை விழும்.

சாமான்களில் தெர்மாமீட்டருக்கும் தராசுக்கும்தான் முதல் மரியாதை. கையில் பிடிக்கிற பீட்டர் மூன்று வருடமாக உழைக்கிறது, பெரிய ஸ்டாண்ட் மிக்சர் இதற்குத் தேவைப்பட்டதே இல்லை. மாவு பிழிய 10 மில்லிமீட்டர் வட்ட நாசில் ஒன்று போதும். ஆசைப்பட்டு வாங்கியதில் ஏமாற்றியது வட்டம் அச்சிட்ட சிலிகான் விரிப்பு. எவ்வளவு கழுவினாலும் எண்ணெய்ப் பிசுக்குப் போகவில்லை, அதில் சுட்ட ஓட்டின் அடி வேகவும் நேரமானது. வெறும் பேப்பர், அதற்கு அடியில் பென்சிலில் 3.5 செ.மீ. வட்டம் வரைந்த இன்னொரு தாள், அவ்வளவே. மாவு போட்டதும் வரைந்த தாளை உருவிவிட வேண்டும். 37-ம் பக்கம் அதை மறந்த நாள். நிறத்துக்கு ஜெல் அல்லது பொடி, தண்ணீராக வருகிற நிறம் மாவைக் கெடுக்கும்.

போன மாதத்திலிருந்து ஓவன் கதவின் கீல் தளர்ந்துவிட்டது. மூடினாலும் மேலே ஒரு விரல் இடைவெளி நிற்கிறது, முள் 140-ஐத் தாண்ட மறுக்கிறது. ஒரு துணியைச் செருகிச் சமாளித்துத்தான் ஞாயிற்றுக்கிழமை சுட்டேன். 81-ம் பக்கத்தில் “கால் உண்டு, உள்ளே சின்னக் குகை, எலுமிச்சை நன்று” என்று இருக்கிறது. அடுத்த வாரம் புது ஓவன் வருகிறது. அதன் திருகி எத்தனை டிகிரி பொய் சொல்லும் என்று தெரியாது. தெர்மாமீட்டரைக் கழுவித் துடைத்து வைத்திருக்கிறேன், நோட்டில் இன்னும் 19 பக்கம் இருக்கிறது.