புதுச்சேரி ஸ்டோன்வேர்: கோப்பையை நம்பி வாங்கலாம், தட்டுக்கு நிதானம் தேவை

ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் 1971-இல் புதுச்சேரியில் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி என்ற மட்பாண்டப் பட்டறையில் பழகியவர்கள் பலர், அங்கும் ஆரோவிலிலும் சொந்தப் பட்டறை போட்டிருக்கிறார்கள். இந்த வட்டாரத்தில் கையால் வனைந்த ஸ்டோன்வேர், அதாவது அதிகச் சூட்டில் சுட்ட மண்பாண்டக் காபிக் கோப்பை, தினப் புழக்கத்துக்கு அருமையான பொருள். விலை கூடுதல்தான், ஆனால் நியாயமானது. வனைந்தது காய்ந்து வேகும்போது ஏறக்குறைய 12 சதவீதம் சுருங்கும். இரண்டு முறை சூளை ஏற வேண்டும். ஒவ்வொரு சூளையிலும் கொஞ்சம் சேதமாகும்.

நம் மண்சட்டி பெரும்பாலும் 1000 டிகிரிக்குள் வெந்துவிடுவதால் தண்ணீர் கசியும். ஸ்டோன்வேர் 1250 முதல் 1300 டிகிரி செல்சியஸ் வரை போகும். அந்தச் சூட்டில் மண் இறுகிக் கல்லாகிவிடும்.

நிறத்தில் மயங்காமல் முதலில் கவிழ்த்துப் பாருங்கள். அடி வளையத்தில் கிளேஸ், அதாவது மேலே பூசும் கண்ணாடிப் பூச்சு, இருக்காது. இருந்தால் உருகிச் சூளைத் தட்டில் ஒட்டிக்கொள்ளும். அந்த வெற்று மண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சட்டென்று உறிஞ்சினால் சரியாக வேகவில்லை. அப்படிப்பட்டதை மைக்ரோவேவில் வைத்தால் கை சுடும். அடி சொரசொரவென்று இருந்தால் மேசையைக் கீறும். 400 நம்பர் எமரித் தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் போதும்.

அடுத்து கைப்பிடி. கோப்பை அதிகம் காய்ந்த பிறகு ஈரமான பிடியை ஒட்டினால் இரண்டும் வேறு வேறு அளவில் சுருங்கி, இணைப்பில் மயிரிழை விரிசல் விழும். மேல் இணைப்பை வெளிச்சத்தில் பாருங்கள், விரலால் சுண்டுங்கள். கணீரென்றால் நல்லது, 'டொக்'கென்றால் வைத்துவிடுங்கள்.

பெரிய தட்டுகளில்தான் தரம் ஏறி இறங்குகிறது. விளிம்பு முதலில் காய்ந்து தூக்கிக்கொள்ளும். சமமான மேசையில் வைத்து விளிம்பை நாலு பக்கமும் அழுத்துங்கள்; ஆடினால் வேண்டாம். சூளைக்குள் தீ படும் இடத்தைப் பொறுத்து நிறம் மாறுவதால், ஆறு தட்டு வேண்டுமென்றால் ஒரே சூளையில் வெந்தவையா என்று கேட்டு வாங்குங்கள்.

உள்பக்கம் வலைபோல் மெல்லிய கீறல் தெரிந்தால், ஆறும்போது கிளேஸ் மண்ணைவிட அதிகம் சுருங்கியிருக்கிறது. பூச்சாடிக்கு அது அழகு. கோப்பையில் காபிக் கறை இறங்கும்.

எதையும் நேரடியாக அடுப்பில் ஏற்றாதீர்கள். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு கொதிநீர் ஊற்றினாலும் வெடிக்கும்.

சிறு குறையுள்ளவற்றைத் தனியாக வைத்து விற்கும் செகண்ட்ஸ் அலமாரி இருந்தால் அவசியம் பாருங்கள். வெளிப்புறம் கிளேஸ் வழிந்தது, நிறம் திட்டாக வந்தது போன்றவற்றைத் தாராளமாக எடுக்கலாம். விரிசல் மட்டும் எந்த விலைக்கும் வேண்டாம்.