காப்பித் தோட்ட நிழலில் மிரர்லெஸ்: 7டி மார்க் 2-இலிருந்து ஆர்7-க்கு மாறிய அனுபவம்

கேனன் 7டி மார்க் 2 என்ற டிஎஸ்எல்ஆர் கேமராவிலிருந்து ஆர்7 என்ற மிரர்லெஸ் கேமராவுக்கு நான் மாறிச் சில ஆண்டுகள் ஆகின்றன. டிஎஸ்எல்ஆரில் லென்ஸ் வழியே வரும் காட்சியை உள்ளே உள்ள கண்ணாடி ஒன்று பிரதிபலித்துக் கண்ணுக்குக் காட்டும்; மிரர்லெஸ்ஸில் அந்தக் கண்ணாடி இல்லை, படத்தைப் பதியும் சென்சார் காணும் காட்சியே மின்திரையில் தெரியும். சேலத்தில் வசிக்கும் நான் படமெடுப்பது பெரும்பாலும் பறவைகளைத்தான். ஏற்காட்டின் காப்பித் தோட்டங்களே எனக்கு முதன்மையான இடம்; மலைக்குப் போக முடியாத வாரங்களில் கன்னங்குறிச்சியில் உள்ள மூக்கனேரி. இரண்டு கேமராக்களிலும் நான் மாட்டியது ஒரே லென்ஸ், 1993-இல் வெளிவந்த ஈஎஃப் 400 மி.மீ. எஃப்/5.6. லென்ஸும் இடமும் மாறாததால், கேமரா மாறியதனால் விளைந்தது எது என்பதை ஓரளவு பிரித்துச் சொல்ல முடிகிறது. திருமணப் படமெடுப்பவர்களுக்கும் விளையாட்டுப் படமெடுப்பவர்களுக்கும் இதில் பாதிதான் பொருந்தும்.

டிஎஸ்எல்ஆரின் காலம் முடிந்துவிட்டது என்ற பேச்சில் உண்மை இருக்கிறது. கேனன் தன் உயர்நிலை டிஎஸ்எல்ஆரான 1டி எக்ஸ் மார்க் 3-ஐ 2020 ஜனவரியில் அறிவித்தது. நிக்கானின் டி6-உம் அதே ஆண்டில் வந்ததுதான். இரு நிறுவனங்களும் மிரர்லெஸ்ஸுக்காக 2018-இல் தொடங்கிய ஆர்எஃப், இசட் என்ற மவுண்ட்களுக்கே (லென்ஸை மாட்டும் அமைப்பு) இப்போது புதிய லென்ஸ்களை உருவாக்குகின்றன. பென்டாக்ஸ் மட்டும் 2021-இல் கே-3 மார்க் 3 என்ற டிஎஸ்எல்ஆரைக் கொண்டுவந்தது. ஆனாலும் சந்தை நகர்ந்துவிட்டது என்பதற்காக நேற்றுவரை நல்ல படம் தந்த கேமரா இன்று கெட்டுப்போய்விடுவதில்லை. மாறுவதற்கான காரணம் விளம்பரத்தில் இருப்பதைவிட, நாம் கழித்துக்கட்டிய படங்களில் இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

அதனால் வாங்குவதற்கு முன் ஒரு பருவம் முழுவதும், தேறாத படங்களை அழிக்காமல் தனியே சேர்த்து வைத்து, ஒவ்வொன்றும் எதனால் கெட்டது என்று பார்த்தேன். பறவை மிகத் தொலைவில் இருந்ததால் கெட்ட படங்களுக்கு நீளமான லென்ஸோ, இன்னும் கொஞ்சம் பொறுமையோதான் தீர்வு. கேமரா மாற்றம் அங்கே பயன் தராது. வெளிச்சம் போதாமல் கெட்டவற்றுக்குப் பெரிய அப்பெர்ச்சர், அதாவது லென்ஸில் ஒளி நுழையும் துளை பெரிதாக, வேண்டும். மூக்கனேரியில் எடுத்தவற்றில் பெரும்பாலானவை என் கை தாமதித்ததால் தவறியவை. ஏற்காட்டில் எடுத்தவற்றிலோ வேறொரு குறை திரும்பத் திரும்பத் தெரிந்தது: பறவை சட்டத்துக்குள் இருக்கிறது, வெளிச்சமும் போதுமான அளவு இருக்கிறது, ஆனால் ஃபோகஸ் முன்னால் இருந்த காப்பி இலையிலோ பின்னால் இருந்த மிளகுக் கொடியிலோ விழுந்திருக்கிறது. இந்த ஒரு குறைதான் என்னை மிரர்லெஸ் பக்கம் தள்ளியது.

இதே கட்டத்தில் செய்து பார்க்க வேண்டிய, செலவே இல்லாத சோதனை ஒன்று உண்டு. டிஎஸ்எல்ஆரில் ஃபோகஸைக் கணிக்கும் சென்சார், படத்தைப் பதியும் சென்சாரிலிருந்து வேறானது. கண்ணாடியின் வழியே பிரிந்து கீழே செல்லும் ஒளியை வைத்து அது தூரத்தைக் கணிக்கிறது. இரண்டு ஒளிப்பாதைகளுக்கும் இடையே சிறு வேறுபாடு இருந்தாலும், கேமரா சரியென்று காட்டிய ஃபோகஸ் படத்தில் சற்று முன்னேயோ பின்னேயோ விழும். முக்காலியில் கேமராவை நிறுத்தி, அச்செழுத்துள்ள தாள் ஒன்றை கண்வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் வழியாக ஒரு முறையும், கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பின்திரையில் பார்க்கும் லைவ் வியூவில் ஒரு முறையும் எடுத்து ஒப்பிட்டால் இது தெரிந்துவிடும். லைவ் வியூ படம் மட்டும் கூர்மையாக இருந்தால், ஃபோகஸைச் சிறிது முன்பின் நகர்த்தும் மைக்ரோ அட்ஜஸ்ட்மென்ட் வசதி உள்ள கேமராக்களில் அதைக் கொண்டு திருத்திக்கொள்ளலாம்; பலருக்கு அத்துடன் மாற வேண்டிய தேவையே தீர்ந்துவிடக்கூடும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2014-இல் வந்த 7டி மார்க் 2-இல் லைவ் வியூவின்போது, படத்தைப் பதியும் சென்சாரைக் கொண்டே ஃபோகஸ் செய்யும் டூயல் பிக்சல் ஆட்டோஃபோகஸ் வேலை செய்கிறது. கண்ணாடியைத் தூக்கிய நிலையில் அது ஏறக்குறைய ஒரு மிரர்லெஸ் கேமராதான். திரையைப் பார்த்துப் படமெடுப்பது தமக்கு ஒத்துவருமா என்பதை அதில் சில நாள் பழகியே தெரிந்துகொள்ளலாம்.

இனி, நிழலில் ஆர்7 எப்படி நடந்துகொள்கிறது என்பதற்கு வருகிறேன். ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களில் சில்வர் ஓக் போன்ற உயர்ந்த மரங்கள் நிழல் தர, அவற்றில் மிளகுக் கொடி ஏறியிருக்க, கீழே காப்பிச் செடிகள் அடர்ந்திருக்கும். குளிர்காலத்தில் வலசை வரும் ஆறுமணிக்குருவி அந்தச் செடிகளுக்கு அடியில், உதிர்ந்த இலைகளின்மேல் தத்தித் தத்தி நடக்கும். 7டி மார்க் 2-இல் 65 ஃபோகஸ் புள்ளிகள் உண்டு. அவற்றில் ஒன்றைத் தேர்ந்து, பறவை நகர நகர விரலால் அந்தப் புள்ளியை நகர்த்தி, தலைமீது வைத்து, அதன்பின் ஷட்டரை அழுத்த வேண்டும். சட்டத்தின் ஓரத்தில் புள்ளிகள் இல்லாததால் பறவையை நடுவிலேயே வைத்துக்கொள்ள நேர்ந்தது. ஆர்7-இல் ஃபோகஸ் பரப்பு ஏறக்குறைய சட்டம் முழுவதும் பரவியிருக்கிறது; விலங்குகளைக் கண்டறியும் வசதியை இயக்கினால் பறவையின் கண்ணைத் தானே தேடிப் பற்றிக்கொள்கிறது. இலைகளின் இடைவெளியில் தலை மட்டும் தெரியும்போதும் பெரும்பாலும் கண்ணை விடுவதில்லை. விரலுக்கு வேலை குறைந்ததால் சட்டத்தை எப்படி அமைப்பது என்று யோசிக்க நேரம் கிடைத்தது. என் படங்களில் நான் காணும் முன்னேற்றத்தில் பெரும்பகுதி இதனால் வந்ததே. இருட்டிலும் வேறுபாடு இருக்கிறது. நிறுவனத்தின் கணக்குப்படி பழைய கேமரா மைனஸ் 3 ஈவி வரையிலும் புதியது மைனஸ் 5 ஈவி வரையிலும் ஃபோகஸ் செய்யும் (ஈவி என்பது வெளிச்சத்தின் அளவு; எண் இறங்க இறங்க இருட்டு கூடும்). இக்கணக்குகள் பெரிய அப்பெர்ச்சர் உள்ள லென்ஸை வைத்துச் சொல்லப்படுபவை என்பதால், எஃப்/5.6 லென்ஸில் அந்த அளவை எதிர்பார்க்கக் கூடாது.

கண்ணைத் தேடும் வசதிக்கும் எல்லைகள் உண்டு. லென்ஸ் ஏதோ ஒரு பக்கத்துப் பொருளில் ஃபோகஸாகி நிற்கும்போது, தொலைவில் உள்ள பறவை வெறும் மங்கலாகத் தெரிவதால் கேமராவுக்கு அங்கே பறவை இருப்பதே தெரிவதில்லை. அதே தொலைவில் உள்ள மரத்தண்டு ஒன்றில் முதலில் ஃபோகஸ் செய்துவிட்டுப் பறவைக்கு வர வேண்டியிருக்கிறது. மற்றொரு பலவீனம் பலருக்குத் தெரியாதது. ஆர்7-இல் உள்ள டூயல் பிக்சல் அமைப்பில் ஒவ்வொரு பிக்சலும் இடது, வலது என்று பிரிக்கப்பட்டிருப்பதால், செங்குத்தான கோடுகளை அது நன்கு உணர்கிறது, கிடைக்கோடுகளில் தடுமாறுகிறது. பழைய 7டி மார்க் 2-இன் 65 புள்ளிகளும் இரு திசைகளையும் உணரும் குறுக்கு வகையைச் சேர்ந்தவை. மூக்கனேரியில் நீரின் கிடையான அலைக்கோடுகளுக்கு நடுவே நிற்கும் பறவையைப் பற்றக் கேமரா தயங்கும்போது, அதைச் சற்றே சாய்த்துப் பிடித்தால் போதும், உடனே பற்றிவிடுகிறது.

வியூஃபைண்டரைப் பற்றிய என் முடிவு இடத்துக்கு இடம் மாறுகிறது. பனிமூட்டம் இறங்கிய காலையில் சில்வர் ஓக்கின் உச்சியில் அமர்ந்திருக்கும் செம்மீசைச் சின்னான், டிஎஸ்எல்ஆரின் கண்ணாடி வழியே பார்க்கையில் சாம்பல் நிறப் பின்னணியில் ஒரு கரும்புள்ளியாகத்தான் தெரியும். எவ்வளவு எக்ஸ்போஷர் (படத்தில் பதியும் ஒளியின் அளவு) கூட்ட வேண்டும் என்பதை அனுபவத்தால் ஊகித்து, எடுத்தபின் திரையில் சரிபார்க்க வேண்டும். மின்னணு வியூஃபைண்டரில் பதிவாகப்போகும் படமே முன்கூட்டித் தெரிவதால், கன்னத்துச் சிவப்பு தெரியும்வரை கூட்டிவிட்டு ஷட்டரை அழுத்தலாம். மலையில் எனக்கு இது பெரிய வசதி. ஏரிக்கரையில் நிலைமை தலைகீழ். ஒரே இடத்தில் அமர்ந்து நெடுநேரம் கண்வைத்துக் காத்திருப்பவருக்கு டிஎஸ்எல்ஆரின் கண்ணாடி மின்சாரமே இல்லாமல் காட்சியைத் தரும். மிரர்லெஸ்ஸில் திரை அணைந்துவிட்டிருந்தால் விழித்தெழும் அந்தக் கணத்திற்குள் பறவை போய்விடும். வேகமாகப் பறப்பதைப் பின்தொடரும்போதும் ஒளியின் வழியே நேராகப் பார்ப்பதற்கு இணையாக எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

ஓசையின்றிப் படமெடுக்கும் எலக்ட்ரானிக் ஷட்டரை எல்லோரும் புகழ்கிறார்கள். தோட்டத்து எல்லையில் மேயும் காட்டெருமையையோ, கூட்டருகே இருக்கும் பறவையையோ கலைக்காமல் எடுக்க அது உதவுகிறது என்பது உண்மையே. ஆனால் வேகமாக வாசிக்கப்படும் அடுக்கு வகை (ஸ்டாக்டு) சென்சார் இல்லாத, ஆர்7 போன்ற கேமராக்களில் சென்சார் மேலிருந்து கீழாக வரிவரியாக மெதுவாக வாசிக்கப்படுகிறது. அந்த நேரத்திற்குள் சிறகு நகர்ந்துவிடுவதால் படத்தில் அது வளைந்தும் ஒடிந்தும் தெரியும். ஷட்டரை முழுதாக அழுத்துவதற்கு அரை விநாடி முன்பிருந்தே பதிவைத் தொடங்கும் வசதி, கிளையைவிட்டுப் பாயும் மீன்கொத்திக்கென்றே செய்ததுபோல இருக்கிறது. ஆனால் அது எலக்ட்ரானிக் ஷட்டரில் மட்டுமே இயங்குவதால், வேண்டிய கணம் கிடைத்தும் சிறகின் வடிவம் கெட்டுவிடுகிறது. பறப்பதை எடுக்கையில் நான் மெக்கானிக்கல் ஷட்டருக்கே திரும்பிவிடுகிறேன். விநாடிக்கு 15 படங்கள் எனக்குத் தாராளம்.

எடையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பேட்டரி, கார்டு சேர்த்துப் பழையது 910 கிராம், புதியது 612 கிராம். பழைய லென்ஸைப் புதிய கேமராவில் மாட்ட உதவும் அடாப்டர் 110 கிராம். ஒன்றேகால் கிலோ லென்ஸை மாட்டியபின் இந்த வேறுபாட்டை மணிக்கட்டு பெரிதாக உணர்வதில்லை. பேட்டரிதான் செலவு. வியூஃபைண்டர் வழியே எடுத்தால் 380 படங்கள் என்பது ஆர்7-இன் அதிகாரபூர்வக் கணக்கு, 7டி மார்க் 2-க்கு அது 670. நல்லவேளையாக இரண்டும் ஒரே வகை பேட்டரியை ஏற்பதால், பழைய பேட்டரிகள் அப்படியே கைகொடுத்தன.

லென்ஸ் விஷயத்தில் கேனன்காரர்களுக்கு ஒரு சலுகை வாய்த்திருக்கிறது. 1987-இல் தொடங்கிய ஈஎஃப் வரிசையில் ஃபோகஸ் மோட்டார் தொடக்கத்திலிருந்தே லென்ஸுக்குள் வைக்கப்பட்டது. ஆகவே ஈஎஃப் மவுண்டுக்கும் ஆர்எஃப் மவுண்டுக்கும் உள்ள 24 மி.மீ. இடைவெளியை நிரப்பும், உள்ளே லென்ஸ் வில்லை எதுவும் இல்லாத அடாப்டர் ஒன்றே ஆட்டோஃபோகஸுக்குப் போதுமானதாக இருக்கிறது. என் பழைய லென்ஸில் அதிர்வைத் தடுக்கும் வசதி கிடையாது. ஆர்7-இன் சென்சாரே அசைந்து அதிர்வை ஈடுசெய்வதால், முன்பு முக்காலி இல்லாமல் நினைத்தும் பார்க்காத ஷட்டர் வேகத்தில் இப்போது அமர்ந்திருக்கும் பறவையைக் கையில் பிடித்தே எடுக்கிறேன். நீண்ட லென்ஸில் இந்த ஈடு, அகலக்கோண லென்ஸில் கிடைக்கும் அளவுக்கு இருக்காது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நிக்கானில் ஏஎஃப்-டி வகைப் பழைய லென்ஸ்களை வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சலுகை இல்லை. அவற்றின் ஃபோகஸை இயக்கும் மோட்டார் கேமராவின் உடலில் இருந்தது. நிக்கானின் பழைய லென்ஸ்களை இசட் கேமராவில் மாட்டும் எஃப்டிஇசட் அடாப்டரில் அது இல்லாததால், இசட் கேமராவில் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். அத்தகைய லென்ஸ்கள் இரண்டு மூன்று உள்ளவர், உடலின் விலையோடு அவற்றுக்கு மாற்றாக வாங்க வேண்டியவற்றின் விலையையும் கூட்டிப் பார்த்தபின் முடிவெடுக்கட்டும்.

சேலத்தில் திருமண ஸ்டுடியோ நடத்தும் தம்பி ஒருவர், “அண்ணா, நானும் மாறிடட்டுமா?” என்று கேட்டபோது, இப்போதைக்கு வேண்டாம் என்றேன். முகூர்த்தப் படங்களை அவர் ஃபிளாஷ் வைத்தே எடுக்கிறார், ஆட்களும் நின்ற இடத்திலேயே நிற்கிறார்கள், 85 மி.மீ. லென்ஸில் அவருடைய ஃபோகஸ் தவறுவது அரிது. மண்டபத்து எல்இடி விளக்குகளின் கீழ் எலக்ட்ரானிக் ஷட்டரைப் பயன்படுத்தினால் படத்தில் பட்டைபட்டையாகக் கோடு விழும் தொல்லை வேறு இருக்கிறது. காணொளி வேலை கூடும்போது அவர் மாறுவது நியாயம். அதுவரை, இரண்டாம் கையாக மலிந்து கிடைக்கும் நல்ல டிஎஸ்எல்ஆர் ஒன்றை மாற்றுக் கேமராவாக வாங்கி வைப்பதே அவர் தொழிலுக்குப் பாதுகாப்பு.

என் 7டி மார்க் 2-ஐ நான் விற்கவில்லை. கேட்ட விலை அவ்வளவு குறைவாக இருந்தது என்பது ஒரு காரணம். ஏரிக்கரையில் காத்திருக்க அது இன்னும் எனக்குப் பிடிக்கிறது என்பது மற்றொன்று. அடுத்து ஆர்எஃப் 100-500 லென்ஸ் வாங்கலாமா என்ற எண்ணம் வந்து, வாடகைக்கு எடுத்துப் பார்த்தேன். கிட்டே வரும் பறவைக்கு ஜூம் செய்து பின்வாங்க முடிவதும், லென்ஸிலேயே அதிர்வுத் தடுப்பு இருப்பதும் நல்ல வசதிகள். ஆனால் 500 மி.மீ. முனையில் அதன் அப்பெர்ச்சர் எஃப்/7.1, என் பழைய லென்ஸின் எஃப்/5.6-ஐவிட மூன்றில் இரண்டு ஸ்டாப் குறைவு (எஃப் எண் கூடினால் துளை சிறுக்கும்; ஒரு ஸ்டாப் குறைந்தால் ஒளி பாதியாகும்). காப்பிச் செடியின் அடியில் அந்த அளவு வெளிச்சத்தை இழக்க எனக்கு மனமில்லை. ஆகையால் தற்போதைக்கு அடாப்டரும் பழைய 400-உம் தொடர்கின்றன.