மக்காபே இறக்கம், பாரகீட் ஏற்றம்: பணம் கட்டுமுன் படியுங்கள்

மொரீஷியஸின் பிளாக் ரிவர் கோர்ஜஸ் தேசியப் பூங்காவில் நடைப்பயணம் என்று ஒரு விளம்பரம் நம் கோவில் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. சுலபமான வட்டப்பாதை, நான்கு மணி நேரம், வயதானவர்களும் வரலாம், வேன், சாப்பாடு, பூங்கா நுழைவுச் சீட்டு எல்லாம் சேர்த்துத் தலைக்கு 1,800 ரூபாய். இதை நம்பிப் பணம் கட்டிய எங்கள் குழுவுக்கு நடந்ததை எழுதுகிறோம். அந்த ஆட்கள் இன்னும் முன்பதிவு வாங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

நுழைவுச் சீட்டுக்கென்று 200 ரூபாய் ரசீதில் தனியாகப் போட்டிருந்தார்கள். இந்தத் தேசியப் பூங்காவில் நடக்கக் கட்டணம் இல்லை. தடம் தொடங்கும் பெட்ரினில் வண்டியை விட்டு இறங்கி யாரும் உள்ளே நடக்கலாம். சீட்டுக் காசு கேட்பவரிடம் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

தூரத்தில் செய்தது அதைவிடப் பெரிய மோசடி. மேட்டுநிலத்தில் இருக்கும் பெட்ரினிலிருந்து மக்காபே தடம் வழியாகக் கீழே ஆற்றங்கரைப் பார்வையாளர் மையம் வரை ஏறத்தாழ 10 கிலோமீட்டர். அங்கிருந்து பாரகீட் தடத்தில் பிளேன் ஷாம்பாஞ் காவல் சாவடிக்கு ஏற 8 கிலோமீட்டர். பிறகு தார்ச்சாலையில் பெட்ரினுக்குத் திரும்ப வேண்டும். மொத்தம் 20 கிலோமீட்டரை ஒட்டி வரும். 600 மீட்டர் அளவுக்கு இறங்கி, அதே அளவு மறுபடி ஏற வேண்டும். நன்றாக நடப்பவர்களுக்கே ஏழு மணி நேரம் பிடிக்கும். நான்கு மணி நேரத்தில் பாதிதான் முடியும், அதாவது பள்ளத்தாக்கின் அடியில் நிற்பீர்கள்.

அவர்கள் பிடியை இறுக்குவது அங்கேதான். மேலே பெட்ரினும் கீழே மையமும் வரைபடத்தில் பக்கத்தில் தெரியும். வண்டியிலோ ஷாமரெல் மலைச்சாலையில் இறங்கி, காஸ் நோயால் வழியாகக் கடற்கரைக்கு வந்து, மறுபடி உள்ளே திரும்ப வேண்டும். மையம் வரை பேருந்து வராது. ஆற்றங்கரையில் எங்களுக்காக வேன் இல்லை. "பாரகீட்டில் ஏறி வாருங்கள், இல்லையென்றால் டாக்சிக்குத் தனியாகக் கொடுங்கள்" என்றார் வழிகாட்டி. அப்போது பிற்பகல் மூன்று மணி. முழங்கால் வீங்கிய பெரியவர்கள் என்ன பேரம் பேச முடியும்? கேட்டதைக் கொடுத்தோம்.

மக்காபே தடத்தின் முதல் பாதி அகலமான வண்டித்தடம், ஏறக்குறைய சமதளம். காட்சிமுனை வரை யாரும் போய்வரலாம். அதைத் தாண்டியதும் தடம் மலைமுதுகில் செங்குத்தாக விழுகிறது. எரிமலைப் பாறைமேல் படிந்த செம்மண், குறுக்கே வேர்கள், மண் கரைந்து உயரமாகிவிட்ட படிகள். மழை பெய்தால் அந்தக் களிமண் சோப்பு மாதிரி வழுக்கும். பிடித்துக்கொள்ளச் சீனக் கொய்யாத் தண்டுகள் இருபுறமும் உண்டு. அவற்றில் பட்டுப்போனவை கையோடு வந்துவிடும். உடல் எடையை அதில் சாய்க்குமுன் ஒருமுறை அசைத்துப் பாருங்கள். தேய்ந்த விளையாட்டுக் காலணி இங்கே ஆகாது. ஆழமான வெட்டுள்ள அடிப்பாகம் வேண்டும். இறங்குமுன் கணுக்கால் பக்கம் கயிற்றை இறுக்கிக் கட்டுங்கள், இல்லாவிட்டால் விரல்நுனி முன்னால் மோதிக் கறுத்துவிடும். இரண்டு ஊன்றுகோல்கள் முழங்காலின் சுமையை நன்றாகக் குறைக்கும். இறக்கத்தில் தொடைத்தசை ஓய்ந்துபோவதால்தான் அதன்பின் வரும் ஏற்றம் இரண்டு மடங்கு கொடுமையாக இருக்கிறது.

வழிகாட்டி முன்னால் போய்க்கொண்டே இருந்தார். கடைசி ஆளுக்குப் பின்னால் யாரும் இல்லை. குழுவை அழைத்துப் போகிறவர்கள் முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் என்று வருவதுதான் முறை. காடு அடர்த்தி, பள்ளத்தில் கைபேசிச் சிக்னல் நம்ப முடியாது. தனியாகப் பின்தங்கியவர் விழுந்தால் யாருக்கும் தெரியாது.

ஆளுக்கு அரை லிட்டர் தண்ணீரும் ஒரு பன்னும் கொடுத்தார்கள். இந்தச் சுற்றுக்கு மூன்று லிட்டர் தேவை. ஆற்று நீரைக் குடிக்கவே கூடாது. மானும் காட்டுப்பன்றியும் எலியும் திரியும் இடம், எலிக்காய்ச்சல் அபாயம் உண்டு. மேற்குக் கரையில் வெயில் அடிக்கும்போதே மேட்டுநிலத்தில் கனமழை கொட்டலாம். அந்த நீர் அத்தனையும் பள்ளத்தாக்குக்குத்தான் வந்து சேரும். ஓடையில் நீர் கலங்கி, சருகும் குச்சியும் அடித்துவந்தால் கடக்காதீர்கள், காத்திருங்கள். நவம்பர் முதல் ஏப்ரல் வரை, புயல் பருவத்தில், இதில் இன்னும் கவனம் தேவை.

ஜூனில் மாலை 5.45-க்குள் சூரியன் மறைந்துவிடும்; பள்ளத்தில் அதற்கும் முன்பே இருட்டும். பகல் ஒரு மணிக்குப் பிறகு பாரகீட் ஏற்றத்தைத் தொடங்கச் சொல்பவர் பேச்சைக் கேட்காதீர்கள். எங்களை வேன் பெட்ரினில் இறக்கியதே பத்தரை மணிக்குத்தான்.

சுற்று முழுவதும் நடக்க ஆசையிருந்தால் கீழிருந்து தொடங்குங்கள். காலை ஏழு மணிக்குள் உங்கள் வண்டியை மையத்தில் நிறுத்தி, தசை புதிதாக இருக்கும்போதே பாரகீட்டில் ஏறி, பெட்ரின் வந்து, மக்காபேயில் இறங்கலாம். கால் ஒத்துழைக்கவில்லை என்றால் மேலே தார்ச்சாலையிலேயே நிறுத்திக்கொள்ளலாம். சுற்றை முடித்தால், நடை முடியும் இடத்தில் உங்கள் வண்டி நிற்கும், யார் தயவும் வேண்டாம். மழை பெய்த மறுநாள் மட்டும் மக்காபேயில் இறங்க வேண்டாம்.

வழிகாட்டி வேண்டுமென்றால் சுற்றுலா ஆணைய உரிமத்தைக் காட்டச் சொல்லிப் படம் எடுத்துவையுங்கள். எங்கே ஏற்றி எங்கே இறக்குவார், கீழே வேன் எத்தனை மணிக்கு வரும், பின்னால் யார் நடப்பார் என்பதை எழுத்தில் வாங்குங்கள். ஜூஸ் (Juice) என்ற பணம் அனுப்பும் கைபேசிச் செயலியில் பாதிப் பணம் மட்டும் அனுப்புங்கள். மீதியை வேன் கண்ணில் பட்ட பிறகு கொடுங்கள். ஏற்கெனவே கட்டியவர்கள் ரசீதையும் உரையாடலையும் அழிக்காமல் வைத்திருங்கள். நுழைவுச் சீட்டு என்று எழுதிய அந்த வரி, ஆணையத்திடம் புகார் கொடுக்கும்போது கையில் இருக்க வேண்டிய சான்று.