சம்பளச் சீட்டை மெயிலில் இணைப்பதா, லிங்க் அனுப்புவதா?

ஊழியர்கள் 2,000 பேர் என்று வைத்துக்கொள்வோம். மாதக் கடைசியில் எச்ஆர் பொத்தானை அழுத்தினால் ஒவ்வொருவருக்கும் அவரவர் சம்பளச் சீட்டு பிடிஎஃப்பாக மெயிலில் போய்ச் சேர வேண்டும். அந்த ஃபைல் முன்கூட்டி எங்கேயும் இல்லை. டேட்டாபேஸிலிருந்து அப்போதுதான் உருவாகிறது. இதைச் செய்ய நாலு வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன: டிஸ்க்கில் எழுதி இணைப்பது, மெமரியிலேயே உருவாக்கி இணைப்பது, ஸ்டோரேஜில் சேமித்துவிட்டு அங்கிருந்து எடுத்து இணைப்பது, எதையும் இணைக்காமல் லிங்க் மட்டும் அனுப்புவது. பத்துப் பேருக்கு அனுப்பிப் பார்த்தால் நாலும் ஒன்றுபோலத்தான் தெரியும். ஏதாவது தவறும்போதுதான் வித்தியாசம் வெளியே வரும்.

டிஸ்க் வழி பழையது, புரிந்துகொள்ளவும் எளிது. பிடிஎஃப்பை ஒரு ஃபோல்டரில் எழுது, பாதையை மெயில் லைப்ரரியிடம் கொடு, போனதும் அழித்துவிடு. சிக்கல் ஃபைல் பெயரில் தொடங்குகிறது. எல்லாருக்கும் ‘பேஸ்லிப்’ என்றே பெயர் வைத்து எழுதும் நிரல், ஒரே நேரத்தில் இரண்டு வொர்க்கர் (பின்னணியில் வேலையைச் செய்யும் புரோகிராம்) ஓடும் அன்று ஒருவரின் சம்பளத்தை இன்னொருவருக்கு அனுப்பிவிடும். எரர் எதுவும் வராது. லாக்கில் இரண்டு மெயிலும் வெற்றி என்றே இருக்கும். எந்த மொழியின் டெம்ப்ஃபைல் வசதியைப் பயன்படுத்தினாலும் ஒவ்வொரு முறையும் தனிப்பெயர் கிடைக்கும், இந்தப் பிரச்சினை தீரும். அடுத்த பிரச்சினை அப்படித் தீராது: வெப் சர்வர் ஒரு கன்டெய்னரிலும் (தனியாகப் பிரித்து வைத்த பெட்டி மாதிரியான சூழல்) வொர்க்கர் இன்னொன்றிலும் ஓடினால், இங்கே எழுதிய ஃபைல் அங்கே இருக்காது. டெவலப்பரின் லேப்டாப்பில் எல்லாம் ஒரே மெஷின் என்பதால் சோதிக்கும்போது இது கண்ணிலேயே படாது. இடையில் புராசஸ் செத்தால் அழிக்கும் வரி ஓடாமல், சம்பள விவரம் அடங்கிய ஃபைல்கள் டிஸ்க்கில் தேங்கிக் கிடக்கும் என்பதும் உண்டு.

மெமரி வழியில் இந்தத் தொல்லைகள் இல்லை. பிடிஎஃப் லைப்ரரி தரும் பைட்களை அப்படியே மெயில் ஆப்ஜெக்ட்டில் சேர்த்துவிடலாம். ஜாங்கோ, பிஎச்பிமெய்லர், நோட்மெய்லர், ஸ்பிரிங் என மெயில் அனுப்ப உதவும் எந்தக் கருவியை எடுத்தாலும் இதற்குத் தனி வசதி உண்டு. ஒரு பக்கச் சீட்டு பெரும்பாலும் நூறு கேபிகூட வராது என்பதால் மெமரி பற்றிக் கவலைப்படவும் வேண்டாம். கவனிக்க வேண்டியது ஸ்ட்ரீமின் (பைட்களை வரிசையாக எழுதிப் படிக்கும் ஓடை) முள், அதாவது அடுத்துப் படிக்கும் இடம், எங்கே நிற்கிறது என்பதை. மைக்ரோசாஃப்ட்டின் டாட்நெட்டில் மெமரி ஸ்ட்ரீமில் எழுதி முடித்ததும் முள் கடைசியில் நிற்கும். அதை முதலுக்குக் கொண்டுவராமல் இணைத்தால் பெயர் சரியாக இருக்கும், உள்ளே 0 பைட். பைத்தானிலும் இதே கதைதான். ஸ்பிரிங்கில் வேறொரு சிக்கல்: அங்கே லைப்ரரி அட்டாச்மென்ட்டை ஒன்றுக்கு மேற்பட்ட தடவை படிக்கும், ஆகவே ஒருமுறை படித்தால் தீர்ந்துபோகும் ஸ்ட்ரீமைக் கொடுக்காமல் பைட் அர்ரேவாக (எத்தனை முறையும் படிக்கக்கூடிய முழுத் தொகுப்பாக) கொடுப்பதே சரி.

பெரிய ஃபைல் என்றால் கணக்கு மாறும். மெயில் என்பது அடிப்படையில் எழுத்துகளைச் சுமக்க வந்தது. அதனால் அட்டாச்மென்ட் பேஸ்64-ஆக மாற்றப்படுகிறது: 3 பைட்டுக்கு 4 எழுத்து, அதுவும் வரிக்கு 76 எழுத்து என்று உடைத்து. மொத்தத்தில் சுமார் 37 சதவீதம் வீங்கும். ஜிமெயிலில் அனுப்பும் மெயிலுக்கு வரம்பு 25 எம்பி என்றால் உண்மையில் ஏறக்குறைய 18 எம்பி ஃபைல்தான் அதில் போகும். போஸ்ட்மார்க் போன்ற சேவையில் வரம்பு 10 எம்பி, அதாவது இன்னும் குறைவு. படங்கள் நிறைந்த ஆய்வறிக்கை அனுப்புகிறவர்களுக்கு அட்டாச்மென்ட் வழி இங்கேயே அடைபட்டுவிடும். சம்பளச் சீட்டுக்கு இது ஒரு பொருட்டே இல்லை.

சரி, எப்போது உருவாக்குவது? பட்டனை அழுத்திய ரிக்வெஸ்ட்டுக்குள்ளேயே 2,000 பிடிஎஃப் உருவாக்கினால் பிரவுசர் டைம்அவுட்டில்தான் முடியும். கியூ (வேலைகளை வரிசையில் வைத்து ஒவ்வொன்றாக வொர்க்கரிடம் கொடுப்பது) வேண்டும் என்பதில் இரண்டு கருத்து இல்லை. ஆனால் கியூவில் எதைப் போடுவது என்பதில் பலர் சறுக்குகிறார்கள். பிடிஎஃப் பைட்களையே போட்டால் கியூவை மெமரியில் வைத்திருக்கும் ரெடிஸ் கனத்துப்போகும். சில கியூக்களில் ஒரு மெசேஜின் அளவு வரம்பையும் தாண்டும். ஊழியர் எண்ணையும் மாதத்தையும் மட்டும் போட்டு, வொர்க்கருக்குள் பிடிஎஃப்பை உருவாக்கினால் போதும்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பட்டன் அழுத்தியதற்கும் வொர்க்கர் ஓடுவதற்கும் நடுவில் யாராவது ஒரு பிடித்தத்தைத் திருத்தினால், சீட்டில் புதிய எண் வரும். மூன்று மாதம் கழித்து ‘எனக்கு அன்று வந்தது வேறு தொகை’ என்று ஊழியர் கேட்டால், மீண்டும் உருவாக்கிக் காட்டுவது பதில் ஆகாது. அன்று அனுப்பிய அதே ஃபைல் கையில் இருக்க வேண்டும். அதனால்தான் சம்பளச் சீட்டு, பில், ரசீது போன்றவற்றுக்கு மூன்றாவது வழியை நான் தேர்ந்தெடுப்பேன்: வொர்க்கர் மெமரியில் உருவாக்கட்டும், அமேசானின் எஸ்3 மாதிரியான இணைய ஸ்டோரேஜில் ஒரு பிரதி வைக்கட்டும், அந்தப் பிரதியையே இணைக்கட்டும். திரும்ப அனுப்பச் சொன்னாலும் அதே பிரதி போகும். தினசரி விற்பனை அறிக்கைக்கு இவ்வளவு சடங்கு தேவையில்லை, மெமரி வழியே போதும்.

லிங்க் அனுப்புவதைப் பாதுகாப்பானது என்று சொல்வார்கள். எந்த லிங்க் என்று கேட்க வேண்டும். எஸ்3-யின் கையொப்பமிட்ட லிங்க் (லாகின் இல்லாமலே கொஞ்ச காலம் ஃபைலைத் திறக்க விடுவது) அதிகபட்சம் 7 நாள் உயிரோடு இருக்கும். சர்வரின் தற்காலிக அனுமதியைக் கொண்டு கையொப்பமிட்டிருந்தால், 7 நாள் என்று நாம் நிரலில் எழுதியிருந்தாலும் அந்த அனுமதி காலாவதியாகும்போதே லிங்க்கும் செத்துவிடும். வெள்ளிக்கிழமை மாலை போன மெயிலைத் திங்கள் காலை திறப்பவருக்குக் கிடைப்பது ஒரு எக்ஸ்எம்எல் எரர். உயிரோடு இருக்கும் வரையிலோ, லிங்க்கை ஃபார்வர்டு செய்தால் யார் வேண்டுமானாலும் திறக்கலாம். அப்படியானால் ஒருமுறை மட்டும் திறக்கும் லிங்க் வைக்கலாமே என்றால், பல நிறுவனங்களின் மெயில் பாதுகாப்பு மென்பொருள் மெயில் வந்ததுமே உள்ளே இருக்கும் லிங்க்கைத் தானே திறந்து பார்க்கும். அந்த ஒரு வாய்ப்பை அது தின்றுவிடும். லாகின் செய்தால்தான் திறக்கும் லிங்க் மட்டுமே இந்த வேலைக்கு உருப்படியானது. ஆனால் வேலையை விட்டுப் போனவருக்கு லாகின் இருக்காது. வங்கிக் கடனுக்குக் கடைசி மூன்று மாதச் சீட்டைத் தேடுகிறவர்களில் அவர்களும் உண்டு.

அட்டாச்மென்ட்டைப் பூட்ட பாஸ்வேர்டு போடும் பழக்கம் நம் ஊரில் நன்றாகப் பழகிவிட்டது. ஆதார் பிடிஎஃப்புக்குப் பெயரின் முதல் நான்கு எழுத்தும் பிறந்த வருடமும் என்ற மாதிரி. மெயில் தவறிப் பக்கத்து சீட்காரருக்குப் போனால் இது காப்பாற்றாது. சக ஊழியரின் பெயரும் பிறந்த வருடமும் தெரியாத ஆள் யார்? பிறந்த தேதி மட்டும் என்றால் நூறு வருடத்துக்கும் சேர்த்து 36,500 சொச்சம் தேதிகள்தான், சாதாரண லேப்டாப்புக்கே அது பெரிய வேலையில்லை. ஊழியரே ஒருமுறை தேர்ந்தெடுத்து வைக்கும் பாஸ்வேர்டு இதைவிட எவ்வளவோ மேல்.

தமிழில் சீட்டு அடிக்கிறவர்களுக்குத் தனியாக ஒன்று. பிடிஎஃப் உருவாக்கும் டாம்பிடிஎஃப் லைப்ரரி கொம்புகளை இடம் மாற்றிப் போடாது; ‘கொ’ எழுதினால் ககரத்துக்குப் பின்னால் ஒற்றைக்கொம்பு நிற்கும். எம்பிடிஎஃப், வீசிபிரின்ட், ஹெட்லெஸ் குரோம் (திரை இல்லாமல் ஓடும் குரோம் பிரவுசர்) ஆகியவை சரியாக வரையும், குரோம் மட்டும் மெமரியை நிறையத் தின்னும். இதே வேலைக்கான டபிள்யூகேஎச்டிஎம்எல்டுபிடிஎஃப் திட்டத்தின் நிரல் 2023-இல் காப்பகத்துக்குப் போய்விட்டது, அதாவது பராமரிப்பு நின்றுவிட்டது, புதிய வேலைக்கு அதை எடுக்க வேண்டாம். ஃபைல் பெயரையும் தமிழில் வைக்கும் ஆசை வரும். தரநிலை அதற்கு இடம் கொடுக்கிறது, பழைய மெயில் மென்பொருள்கள் கொடுப்பதில்லை. ஊழியர் எண்ணும் மாதமும் ஆங்கில எழுத்தில் இருக்கட்டும்.

அப்புறம், எந்த வழியானாலும் இரட்டை மெயில் பிரச்சினை உண்டு. மெயில் சர்வர் வாங்கிக்கொண்டது, ஆனால் ‘சரி’ என்ற பதில் வருவதற்குள் கனெக்‌ஷன் அறுந்தது என்றால், வொர்க்கர் தோல்வி என்று நினைத்து மறுபடி அனுப்பும். இதை முழுக்கத் தடுக்க முடியாது. ஊழியர் எண், மாதம் இரண்டுக்கும் சேர்த்து டேட்டாபேஸில் ஒரு யூனிக் கட்டுப்பாடு (அதே ஜோடி இரண்டாவது முறை பதிவாகாமல் தடுக்கும் விதி) வைத்தால் குறைந்தது எச்ஆர் பொத்தானை இரண்டு தடவை அழுத்துவதால் வருகிற இரட்டையையாவது நிறுத்தலாம்.