நெல் வயல்: தண்ணீரைத் தேக்குவதா, காய்ச்சலும் பாய்ச்சலுமா?

நடவு முடிந்ததும் பலர் குழம்பும் இடம் இது. வயலைக் கொஞ்சம் காயவிட்டு, பிறகு மறுபடி நீர் பாய்ச்சுவதுதான் காய்ச்சலும் பாய்ச்சலும்.

தண்ணீர்: தேக்கினால் நிறைய வேண்டும். காய்ச்சலும் பாய்ச்சலுமாக விட்டால் 30 சதவீதம் வரை மிச்சம்.

மீத்தேன்: பூமியைச் சூடாக்கும் வாயு, எனக்கு இதுதான் முக்கியம். நீர் மூடிய சேற்றில் காற்று இருக்காது. அங்கு வாழும் நுண்ணுயிர்கள் மீத்தேனை உண்டாக்கும். வயல் அவ்வப்போது காய்ந்தால் அது ஏறக்குறைய பாதியாகிவிடும். பூமியைச் சூடாக்கும் இன்னொரு வாயுவான நைட்ரஸ் ஆக்சைடு கொஞ்சம் கூடும், ஆனாலும் மொத்தத்தில் லாபம்தான்.

களை: தேங்கிய நீர் அடக்கும். காயவிட்டால் கோனோவீடர் (கையால் தள்ளும் களையெடுக்கும் கருவி) ஓட்டியே ஆக வேண்டும்.

வேலை: துளையிட்ட குழாயைப் புதைத்து, அதில் நீர் தரைக்குக் கீழே 15 செ.மீ. இறங்கியதும் பாய்ச்சுங்கள். பூக்கும் சமயத்தில் மட்டும் காயவிடாதீர்கள்.

சரி, யாருக்கு எது? கிணறு, போர்வெல் வைத்திருப்பவர்கள் தயங்காமல் மாறலாம். அடுத்த முறைத் தண்ணீர் எப்போது வரும் என்று தெரியாத, வாய்க்காலின் கடைசியில் இருக்கும் கடைமடைக்காரர்களுக்குத் தேக்குவதே பாதுகாப்பு.